மூளை பிடித்திருக்கும் கடிவாளம்

தூத்துக்குடிக் கரையில் தொழில் செய்வோர் எந்த மீன் எந்த மாதத்தில் சினையோடு வலையில் ஏறும் என்பதைக் காற்றையும் நீரோட்டத்தையும் கொண்டு தலைமுறைகளாகக் கணித்து வந்திருக்கிறார்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாமல் நிறுத்தப்படுவதும் மீன்கள் இனம் பெருக்கும் பருவத்தை மனத்தில் கொண்டே. பருவம் வந்துவிட்டதை மனிதர் காற்றைப் பார்த்துச் சொல்லிவிடலாம். கடலடி மணலில் புதைந்து கிடக்கும் இறாலின் சூலகத்துக்கு அதை யார் சொல்வது என்பது உயிரியலில் நெடுங்காலம் விடையின்றி இருந்த கேள்வி. சூலகமும் விந்தகமும் தாமாக முதிர்வதில்லை என்பதும், வெளிச்சம், வெப்பம், உணவு, உடல்நிலை பற்றிய செய்திகளைத் திரட்டி அவ்வுறுப்புகளை முடுக்கவும் அடக்கவும் செய்யும் அதிகாரம் மூளையிடம் இருக்கிறது என்பதும், அந்த அதிகாரம் ஹார்மோன்கள் என்னும் வேதிப்பொருள்களின் வழியாகச் செலுத்தப்படுகிறது என்பதும் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் தெளிவாகத் தொடங்கின.

அந்தத் தெளிவைத் தேடிய இந்திய ஆய்வாளர்களில் ஒருவர் டி. சி. ஆனந்தகுமார். திருச்சிராப்பள்ளி செல்வராஜ் ஆனந்தகுமார் என்பது முழுப்பெயர். சோதனைக்குழாய்க் குழந்தை தொடர்பான செய்திகளில் அவர் பெயர் அடிபட்டிருக்கிறதே தவிர, அதற்கு முன்பு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மூளைக்கும் சூலகத்துக்கும் இடையிலான உரையாடலை ஆராய்ந்தவர் அவர் என்பது பொதுவாசகர்களிடம் அதிகம் வந்து சேரவில்லை. இங்கிலாந்தின் பர்மிங்காமில் அவரோடு இணைந்து ஆய்வுக்கட்டுரை எழுதிய ஆங்கிலேயப் பேராசிரியர், அதற்கு முன் இறால் இனங்களின் கண்காம்பை ஆராய்ந்து புகழ்பெற்றவர். ஆகவே ஆனந்தகுமாரின் ஆய்வைப் புரிந்துகொள்ளக் கடற்கரையிலிருந்து தொடங்குவது நேர்வழியே.

இக்கரையின் பழைய செல்வம் முத்து. முத்துச்சிப்பிகள் கடலடியில் பாறைத் திட்டுகளான பார்களில் ஒட்டி வளர்பவை. பார் செழித்த ஆண்டுகளில் முத்துக்குளிப்பு நடக்கும், வெறுமையாகிவிட்டால் பல ஆண்டுகள் நடக்காது. 1955இல் தொடங்கி 1961 வரை நடந்த முத்துக்குளிப்பே இங்கு கடைசியானது. சிப்பி எப்போது முட்டையும் விந்தும் உமிழும், உமிழ்ந்தவற்றில் எவ்வளவு இளஞ்சிப்பியாகப் பாரில் படியும் என்பவை மனிதர் கையில் இல்லாததே அந்த நிச்சயமின்மைக்குக் காரணம். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமி 1973இல் தூத்துக்குடிக்கு வடக்கேயுள்ள வேப்பலோடையில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியபோதும் சிப்பிகள் கடலிலிருந்தே எடுக்கப்பட வேண்டியிருந்தன. 1981இல் தூத்துக்குடிப் பொரிப்பகத்தில் இளஞ்சிப்பிகளை உற்பத்தி செய்த பிறகுதான் அந்தச் சார்பு தளர்ந்தது. அதே ஊரில் டி. பி. ஜேம்ஸ் குழுவினர் 1988இல் கடல் அட்டையையும் தொட்டியில் இனம் பெருக்கச் செய்தார்கள். இவ்விரண்டிலும் கையாளப்பட்ட முறை தண்ணீரைச் சற்றே சூடாக்குவது போன்ற வெளித்தூண்டல்தான். சிப்பிக்குத் தலையும் இல்லை, மூளை என்று சொல்லத்தக்க ஓர் உறுப்பும் இல்லை. சில நரம்புமுடிச்சுகளே உண்டு. அதிர்ச்சி கொடுத்தால் உமிழ்கிறது என்பது தெரிந்ததே ஒழிய, உள்ளே எந்தச் சுரப்பு எதைத் தூண்டுகிறது என்பது தெரியாமலேயே வேலை நடந்துவிட்டது.

இறாலில் நிலைமை வேறு. வெள்ளை இறாலோ புலி இறாலோ, தொட்டியில் எவ்வளவு நன்றாக உணவூட்டி வளர்த்தாலும் சினை பிடிப்பது அரிது. இதற்கு உலகெங்கும் உள்ள பொரிப்பகங்கள் கண்டுகொண்ட வழி, பார்ப்பவருக்குக் கொடூரமாகத் தோன்றக்கூடியது: தாய் இறாலின் இரண்டு கண்காம்புகளில் ஒன்றை நறுக்கியோ கட்டியோ பொசுக்கியோ அகற்றிவிடுகிறார்கள். அதன்பின் சில நாள்களிலேயே, பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள், முதுகோட்டின் வழியே சூலகம் பச்சை நிறமாகப் பருத்து வருவது வெளியிலிருந்தே தெரியத் தொடங்கும். கண்ணுக்கும் சினைக்கும் என்ன தொடர்பு என்ற கேள்விக்கு விடை, கண்காம்பு வெறும் கண்ணைத் தாங்கும் தண்டு அன்று என்பதில் இருக்கிறது. மூளையின் ஒரு பகுதியே அந்தக் காம்புக்குள் நீண்டு கிடக்கிறது. அங்குள்ள எக்ஸ் உறுப்பு எனப்படும் நரம்பணுக் கூட்டம் சில ஹார்மோன்களைத் தயாரித்து, பக்கத்திலுள்ள சைனஸ் சுரப்பி என்ற சேமிப்பிடத்துக்கு அனுப்ப, அங்கிருந்து அவை இரத்தத்தில் கலக்கின்றன. அவற்றுள் ஒன்று சூலகம் முதிராமல் தடுப்பது. மற்றொன்று ஓடு கழற்றுவதைத் தடுப்பது. இன்னொன்று இரத்தச் சர்க்கரையை ஏற்றுவது. பிரெஞ்சு உயிரியலாளர் ழான் பானூஸ் கண்காம்பை அகற்றிய இறால்களில் சூலகம் விரைந்து வளர்வதை 1943இல் வெளியிட்டார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆய்வுக்கூடச் செய்தியாகவே கிடந்த அந்த உண்மை, 1970களில் இறால் வளர்ப்புத் தொழில் எழுந்தபோது பொரிப்பகத்துக்கு வந்தது. இந்தியாவில் எம். எஸ். முத்துவும் ஏ. லட்சுமிநாராயணாவும் இந்திய இறால் இனங்களில் இம்முறையைச் செய்துகாட்டி 1977இல் எழுதினார்கள். இரண்டு காம்புகளையும் எடுத்தால் சர்க்கரை, ஓடுகழற்றல் உள்பட அனைத்தும் கட்டுக்குலைந்து இறால் இறந்துவிடும் என்பதால் ஒன்று மட்டுமே எடுக்கப்படுகிறது. பாதித் தடை நீங்கினாலே போதுமானதாகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது, இறாலின் மூளை இனப்பெருக்கத்தைத் தொடங்கி வைப்பதைவிட அதிகமாகத் தடுத்துப் பிடித்திருக்கிறது என்பது. உடல் ஆயத்தமாக இருக்கிறது. கடிவாளம் தளர்ந்தால் ஓடிவிடும். உயர் விலங்குகளின் மூளையும் இவ்வாறே நடந்துகொள்கிறதா என்பது 1950களில் மிகவும் சூடான வினாவாக இருந்தது.

கண்காம்புச் சுரப்புகளை அக்காலத்தில் ஆழமாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் சர் பிரான்சிஸ் நோல்ஸ். மார்ல்பரோ என்ற ஊரின் பள்ளியில் உயிரியல் ஆசிரியராக இருந்தபடியே ஆய்வு நடத்தியவர் அவர்; டி. பி. கார்லைலுடன் சேர்ந்து ஓடுடைய கணுக்காலிகளின் ஹார்மோன் கட்டுப்பாட்டைப் பற்றி அவர் எழுதிய நூல் 1959இல் வெளியாயிற்று. நரம்பணு என்பது மின்குறிப்புகளை அனுப்பும் கம்பி மட்டுமே என்று எண்ணப்பட்ட காலத்தில், நரம்பணுவே சுரப்பியாகவும் வேலை செய்து ஹார்மோனை இரத்தத்தில் விடமுடியும் என்ற கருத்து வேரூன்ற இறாலும் நண்டும் பெரிதும் உதவின. இதற்கு நரம்புச் சுரப்பு என்று பெயர். பின்னர் நோல்ஸ் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் உடற்கூறியல் துறைக்குச் சென்று, இறாலில் கண்டதைக் குரங்கின் மூளையில் தேடத் தொடங்கினார். 1960களின் பிற்பகுதியில் அங்கே அவருடன் இணைந்தவர் ஆனந்தகுமார்.

அந்தத் துறையின் தலைவர் சாலி சுக்கர்மேன். இங்கு ஒரு சச்சரவைச் சொல்லியாக வேண்டும். மூளையின் அடிப்புறத்தில், பாதாம் பருப்பளவே உள்ள ஹைப்போதலாமஸ் என்ற பகுதியும், அதிலிருந்து ஒரு மெல்லிய காம்பில் தொங்கும் பிட்யூட்டரி என்ற சுரப்பியும் இருக்கின்றன. பிட்யூட்டரியின் முன்பகுதி சுரக்கும் எஃப்எஸ்எச், எல்எச் என்ற இரு ஹார்மோன்களே சூலகத்தையும் விந்தகத்தையும் நேரடியாக இயக்குபவை. ஆனால் ஹைப்போதலாமஸிலிருந்து அந்த முன்பகுதிக்கு நரம்பிழைகள் செல்வதில்லை. காம்பின் வழியே இறங்கும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் மட்டும் உண்டு. அந்தக் குழாய்களின் வழியாகவே மூளை தன் வேதிக்கட்டளைகளை அனுப்புகிறது என்று ஜெப்ரி ஹாரிஸ் வாதிட்டு, 1955இல் ஒரு நூலாகவும் எழுதினார். சுக்கர்மேன் அதை ஏற்கவில்லை. கீரியைப் போன்ற தோற்றமுள்ள பெரட் என்ற விலங்கில் காம்பைத் துண்டித்த பிறகும் வெளிச்சத்தைக் கூட்டினால் இனப்பெருக்கப் பருவம் வருகிறது என்று தம் சோதனைகளைக் காட்டினார். துண்டித்த குழாய்கள் மீண்டும் முளைத்துவிட்டன என்பது ஹாரிஸின் பதில். மாநாடுகளில் இருவரும் மோதிக்கொண்டது அத்துறை வரலாற்றில் பேர்போனது. காலம் ஹாரிஸின் பக்கமே தீர்ப்பளித்தது. 1971இல் ஆண்ட்ரூ ஷாலியின் குழு ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளின் ஹைப்போதலாமஸ்களைத் திரட்டிப் பிழிந்து, பத்து அமினோ அமிலங்களால் ஆன ஒரு சிறிய மூலக்கூறே அந்தக் கட்டளை என்று அதன் அமைப்பைக் கண்டறிந்தது. ரோஜர் கியமெனின் குழு செம்மறியாட்டு மூளையிலிருந்து அதே விடைக்கு வந்தது. இருவருக்கும் 1977இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த மூலக்கூற்றை இன்று ஜிஎன்ஆர்எச் என்கிறோம். பிட்யூட்டரியிலிருந்து எஃப்எஸ்எச், எல்எச் இரண்டையும் விடுவிக்கும் தலைமை ஹார்மோன் அது.

ஹாரிஸின் கோட்பாட்டை எதிர்த்த தலைவரின் துறையில் பயின்றது ஆனந்தகுமாருக்கு இழப்பாக முடியவில்லை என்றே தோன்றுகிறது. ஏற்றுக்கொள்ளப்பட்ட வழியைத் தவிர வேறு வழிகள் உண்டா என்று கேட்கும் பழக்கம் அங்கே இயல்பாக இருந்தது. மூளையின் நடுவில் மூளைத் தண்டுவட நீர் நிரம்பிய குறுகிய அறைகள் உள்ளன. மூன்றாவது அறையின் அடித்தளமும் பக்கச்சுவரும் ஹைப்போதலாமஸ் ஆகும். அந்தச் சுவரில் டானிசைட் எனப்படும் நீண்ட செல்கள் இருக்கின்றன. ஒரு முனை அறையின் நீரில் தோய்ந்திருக்க, மறுமுனை பிட்யூட்டரிக்குச் செல்லும் நுண்குழாய்களைத் தொட்டு நிற்கும். நோல்ஸும் ஆனந்தகுமாரும் ரீசஸ் குரங்குகளின் இந்தச் செல்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்து, இனப்பெருக்க நிலைக்கு ஏற்ப அவற்றின் வடிவம் மாறுவதையும், பிட்யூட்டரியின் மேற்புறக் கழுத்தில் உள்ள செல்களும் அதற்கேற்ப மாறுவதையும் 1969இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் விரிவாக வெளியிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஜி. எச். தாமஸுடன் சேர்ந்து ஆனந்தகுமார் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை, சூலக ஹார்மோனான ஈஸ்ட்ரடையாலைக் கதிரியக்கக் குறியிட்டுக் குரங்குக்குச் செலுத்தி, அதன் சிதைபொருள்களை மூளைத் தண்டுவட நீரில் கண்டறிந்ததைப் பற்றியது.

இதன் பொருளைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மூளை சூலகத்துக்குக் கட்டளை அனுப்புவது உரையாடலின் ஒரு பாதிதான். தன் கட்டளை நிறைவேறிவிட்டதா, முட்டை முதிர்ந்துவிட்டதா, கரு தங்கிவிட்டதா என்று மூளைக்குத் தெரிவிக்க மறுசெய்தி திரும்பி வர வேண்டும். அந்த மறுசெய்தி சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனுமே. கருத்தடை மாத்திரை செயல்படுவதும் இதனால்தான்: வெளியிலிருந்து கொடுக்கப்படும் ஹார்மோனை மூளையும் பிட்யூட்டரியும் மறுசெய்தியாக எடுத்துக்கொண்டு எல்எச் சுரப்பை அடக்கிவிட, முட்டை வெளியேறாமல் நின்றுவிடுகிறது. உலகத்தின் கவனமெல்லாம் மூளையிலிருந்து இறங்கும் பாதையில் இருந்தபோது ஆனந்தகுமாரின் கவனம் திரும்பி வரும் பாதையில், அதிலும் இரத்தத்தைவிட மூளைநீரின் வழியே வரக்கூடிய பாதையில், நிலைத்தது.

புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் நிறுவனத்துக்கு வந்த பிறகு அவர் இக்கேள்வியை நடைமுறைக்குத் திருப்பினார். மூக்கின் மேற்பகுதியில் வாசனையை உணரும் நரம்பு முனைகள் மூளைக்கு மிக அருகில், ஒரு சல்லடை எலும்புக்கு அப்பால் இருக்கின்றன. ஆகவே ஹார்மோனை விழுங்கச் செய்து உடல் முழுவதும் பரப்புவதற்குப் பதிலாக மூக்கில் தெளித்தால், மிகக் குறைந்த அளவே மூளைநீரை எட்டி அதே வேலையைச் செய்யுமா என்று அவரும் ஜி. எஃப். எக்ஸ். டேவிட் முதலிய உடனாய்வாளர்களும் ரீசஸ் குரங்குகளில் சோதித்தார்கள். கதிரியக்கக் குறியிட்ட ஹார்மோன்களை மூக்கில் தெளித்தும் நாளத்தில் செலுத்தியும் ஒப்பிட்ட முடிவுகள் 1974இல் பெங்களூரின் 'கரண்ட் சயன்ஸ்' இதழில் வெளியாயின. புரோஜெஸ்டிரோனையும் அதைப் போலச் செயல்படும் செயற்கை மருந்தான நார்எதிஸ்டிரோனையும் மூக்கில் தெளித்தே குரங்குகளில் முட்டை வெளியேற்றத்தை அடக்கலாம் என்ற செய்தி 1977இல் 'நேச்சர்' இதழில் வந்தது. மூக்கில் தெளித்த புரோஜெஸ்டிரோன் உடலில் எவ்வாறு பரவுகிறது என்ற அளவீடுகள் 1982இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் இடம்பெற்றன. இந்திய ஆய்வுக்கூடத்தில் எழுந்த கேள்விக்கு இந்தியாவிலேயே விடை தேடி, அதை உலகின் முன்னணி இதழ்கள் ஏற்கும்படி செய்த வேலை அது. இக்கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு உலகெங்கும் உடல் கொடுத்த ரீசஸ் குரங்கும் வட இந்தியக் காடுகளிலிருந்து ஏற்றுமதியானதே. 1978இல் அந்த ஏற்றுமதியை இந்திய அரசு தடைசெய்தது.

மூக்குத்தெளிப்புக் கருத்தடை மருந்தாகச் சந்தைக்கு வரவில்லை. குரங்கில் கண்டது மனிதரில் அதே அளவில் நிகழ்கிறதா, தெளித்த மருந்தில் எவ்வளவு உண்மையில் மூளைநீருக்குப் போகிறது, எவ்வளவு மூக்கின் சவ்வு வழியே இரத்தத்தில் கலக்கிறது என்பவை எளிதில் தீராத கேள்விகள். ஆனால் பின்னாளில் ஜிஎன்ஆர்எச்சின் செயற்கை வடிவங்களான புசெரலின், நபரெலின் ஆகியவை மூக்குத்தெளிப்பாகவே விற்பனைக்கு வந்தன; அவை இரத்தத்தின் வழியே பிட்யூட்டரியை அடைபவை என்றாலும், இனப்பெருக்க ஹார்மோனை மூக்கின் வழியே கொடுக்கலாம் என்ற எண்ணம் வீண்போகவில்லை. மூக்குக்கும் இனப்பெருக்கத்துக்கும் உள்ள உறவில் இன்னொரு வியப்பு 1989இல் தெரியவந்தது: ஜிஎன்ஆர்எச்சைச் சுரக்கும் நரம்பணுக்கள் மூளையில் பிறப்பதே இல்லை, கருவின் மூக்குப் பகுதியில் தோன்றி, வாசனை நரம்புகளின் வழியே ஊர்ந்து மூளைக்குள் குடியேறுகின்றன. அந்தப் பயணம் தடைபட்டவர்களுக்கு வாசனையும் தெரியாது, பருவமும் வராது. கால்மன் நோய் என்று அது அழைக்கப்படுகிறது.

டானிசைட்டுகளின் கதையும் எதிர்பாராத திருப்பத்தைக் கண்டது. ஜப்பானியக் காடைகளில் நாகோயா பல்கலைக்கழகத்தினர் 2003இலும் 2008இலும் வெளியிட்ட ஆய்வுகள், பகல்பொழுது நீளும்போது பிட்யூட்டரியின் கழுத்துப்பகுதி ஒரு ஹார்மோனை அனுப்ப, அது டானிசைட்டுகளில் தைராய்டு ஹார்மோனின் செயலூக்கத்தைக் கூட்டி, அதன்வழியே இனப்பெருக்கப் பருவத்தைத் திறந்துவிடுகிறது என்று காட்டின. நோல்ஸும் ஆனந்தகுமாரும் 1969இல் நுண்ணோக்கியின் கீழ் வைத்த அதே இரண்டு இடங்கள்! அவர்கள் ஊகித்த வேதிவழி வேறு, இப்போது தெரிந்துள்ள வழி வேறு. இடத்தைத் தேர்ந்ததில் அவர்கள் தவறவில்லை.

1980களில் ஆனந்தகுமார் மும்பையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இனப்பெருக்க ஆய்வு நிறுவனத்துக்கு இயக்குநரானார். அந்நிறுவனமும் கிங் எட்வர்டு நினைவு மருத்துவமனையின் இந்திரா ஹிந்துஜாவும் சேர்ந்து நடத்திய முயற்சியில் 1986 ஆகஸ்ட் 6 அன்று பிறந்த பெண்குழந்தை, இந்தியாவில் அறிவியல் முறைப்படி ஆவணப்படுத்தப்பட்ட முதல் சோதனைக்குழாய்க் குழந்தை எனப்பட்டது. மூளை ஆய்வாளர் ஒருவர் இத்துறைக்கு வந்ததில் வியப்பில்லை. சோதனைக்குழாய்க் கருத்தரிப்பின் முதற்பாதியே ஹார்மோன் கட்டுப்பாடுதான். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் எர்னஸ்ட் நோபில் குழுவினர் 1978இல் காட்டியது இதற்கு அடிப்படை: ஹைப்போதலாமஸின் உரிய பகுதி அழிக்கப்பட்ட குரங்குகளுக்கு ஜிஎன்ஆர்எச்சை மணிக்கு ஒருமுறை சில நிமிடம் செலுத்தினால் பிட்யூட்டரி மீண்டும் வேலை செய்கிறது, இடைவிடாமல் செலுத்திக்கொண்டே இருந்தால் அதே பிட்யூட்டரி வாயடைத்துப் போகிறது. அதாவது மூளை அனுப்பும் செய்தியின் பொருள் அதன் அளவில் மட்டும் இல்லை, இடைவெளியில் இருக்கிறது. கருத்தரிப்பு மருத்துவத்தில் இந்த உண்மை நேராகப் பயன்படுகிறது: நீடித்துச் செயல்படும் ஜிஎன்ஆர்எச் வடிவத்தைக் கொடுத்து மூளையின் குறுக்கீட்டை நிறுத்திவிட்டு, எஃப்எஸ்எச்சை ஊசியாகப் போட்டுச் சூலகத்தில் பல முட்டைகளை ஒரே சமயத்தில் முதிர வைக்கிறார்கள்.

ஆனந்தகுமாரின் வாழ்வில் அறிவியல் முடிவுகளுக்கு இணையாக மதிக்க வேண்டிய செயல் இதன்பின் நிகழ்ந்தது. கொல்கத்தாவில் சுபாஷ் முகோபாத்யாய் என்ற மருத்துவ அறிஞர் 1978 அக்டோபர் 3 அன்றே, உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை இங்கிலாந்தில் பிறந்த பத்து வாரங்களுக்குள், தம் முறையில் ஒரு குழந்தை பிறந்ததாக அறிவித்திருந்தார். அவரும் இனப்பெருக்க ஹார்மோன்களில் முனைவர் பட்டம் பெற்றவர்; சூலகத்தை ஹார்மோனால் தூண்டிப் பல முட்டைகளை எடுத்து, உருவான கருவை உறையவைத்துப் பின்னொரு மாதச் சுழற்சியில் கருப்பைக்குள் வைத்ததாகச் சொன்னார். அரசு அமைத்த குழு நம்ப மறுத்தது. வெளிநாட்டு மாநாட்டுக்குச் செல்ல அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. கண்மருத்துவப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். 1981இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். முதன்மைப் பெருமை தம் குழுவுக்கே நிலைத்துவிட்ட பிறகு, ஆனந்தகுமார் முகோபாத்யாயின் கைக்குறிப்புகளைப் படித்து, அவர் செய்தது உண்மை என்று முடிவுக்கு வந்து, 1997இல் 'கரண்ட் சயன்ஸ்' இதழில் அதைப் பதிவு செய்தார். தம் தலையிலிருந்த மகுடத்தைத் தாமே கழற்றி இறந்தவருக்குச் சூட்டிய ஆய்வாளர்கள் எந்த நாட்டிலும் அதிகம் இல்லை. பிற்காலத்தில் பெங்களூரில் கருத்தரிப்பு மருத்துவமனை ஒன்றைத் தோற்றுவித்து நடத்திய அவர் 2010இல் காலமானார்.

மனித மருத்துவத்தில் இவ்வாறு வளர்ந்த அறிவின் மறுகிளை மீன்களை நோக்கிச் சென்றது, வயதில் மூத்ததும் அதுவே. ஹிராலால் சௌத்ரி 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில், சந்தையில் வெட்டப்படும் மீன்தலைகளிலிருந்து பிட்யூட்டரியை எடுத்துச் சாறாக்கி ஊசியிட்டு, குளத்தில் முட்டையிட மறுக்கும் கெண்டை இனங்களை முட்டையிட வைத்தார். அந்த நாள்தான் இன்று தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஜிஎன்ஆர்எச் செயற்கையாகக் கிடைத்த பிறகு சுரப்பியைச் சேகரிக்கும் தொல்லை குறையும் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் கெண்டைகளுக்கு அதை மட்டும் போட்டால் பலன் மங்கலாகவே இருந்தது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு பீட்டர் காரணத்தைக் கண்டார்: மீன்மூளை ஒரு கையால் ஜிஎன்ஆர்எச்சை அனுப்பும்போதே மறுகையால் டோபமின் என்ற பொருளை விட்டு பிட்யூட்டரியைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. டோபமினை முடக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்ததும் முட்டை வந்தது. இன்று நன்னீர் மீன் பொரிப்பகங்களில் புழங்கும் ஊசிமருந்துகள் அந்த இரட்டைக் கலவையே. இறாலில் கண்ட கடிவாளம் முதுகெலும்பிகளிலும் இருக்கிறது என்பதற்கு இது ஒரு சான்று. கசுயோஷி சுட்சுய் 2000ஆம் ஆண்டில் காடையின் மூளையிலிருந்து பிட்யூட்டரியை அடக்கும் ஒரு தனி ஹார்மோனையே பிரித்துக் காட்டியது மற்றொன்று.

மன்னார் வளைகுடாவின் மீன்களும் இவ்வறிவின் பயனைக் கண்டுள்ளன. கூண்டில் வளர்க்கும் கடல்மீனின் முட்டை கரு உணவு நிரம்பிப் பெரிதாகும். கடைசி முதிர்ச்சியும் வெளியேற்றமும் மட்டும் நிகழாது. சிறைப்பட்ட மீனின் மூளை உரிய வேளையில் எல்எச்சை விடுவிக்காததே காரணம். சென்னை உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997இல் கொடுவா மீனை ஜிஎன்ஆர்எச் வடிவம் ஒன்றைக் கொடுத்து முட்டையிடச் செய்தது. மண்டபத்தில் 2010இல் கடல் விராலுக்குக் கொடுக்கப்பட்டதோ மனிதக் கர்ப்பிணிகளின் உடலில் சுரக்கும் எச்சிஜி. எல்எச்சைப் போலவே செயல்படுவதால் அது மூளையையும் பிட்யூட்டரியையும் ஒதுக்கிவிட்டு நேரே சூலகத்தை எட்டுகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பிரிந்துபோன இரு உயிரினங்களுக்கு இடையில் ஒரு ஹார்மோன் இன்னும் செல்லுபடியாவது, இந்தக் கட்டுப்பாட்டு ஏற்பாட்டின் பழமையைக் காட்டுகிறது.

இறாலின் கண்காம்பை வெட்டும் வழக்கம் மட்டும் இன்னும் முழுதாக ஒழியவில்லை. வெட்டப்பட்ட தாய் இறால் திரும்பத் திரும்பச் சினை பிடித்து உடல் நைந்து, முட்டைகளின் தரமும் நாளடைவில் குறைகிறது. வெளிநாட்டு வாங்குவோரில் சிலர் இவ்வழக்கத்தையே விரும்புவதில்லை. தாய்லாந்தின் மஹிடோல் பல்கலைக்கழகத்தினர் புலி இறாலின் சூலகத் தடுப்பு ஹார்மோனுக்கான மரபணுவை இரட்டை இழை ஆர்என்ஏ ஊசியால் வாயடைத்து, காம்பை வெட்டாமலேயே சினை பிடிக்கச் செய்ததை 2011இல் வெளியிட்டார்கள். தடையை உண்டாக்கும் மூலக்கூறு எது என்று தெரிந்துவிட்டதால், அது ஊறும் உறுப்பை அகற்றத் தேவையில்லை என்பதே அதன் கருத்து. அந்த ஊசிக்கு ஆய்வுக்கூடத் தயாரிப்பு வேண்டும், குளிர்சேமிப்பு வேண்டும், ஒவ்வொரு தாய் இறாலுக்கும் தனித்தனியே செலவு ஆகும்; கத்தரிக்கோலுக்கு அப்படி எதுவும் தேவையில்லை. பொரிப்பக உரிமையாளர் எதைக் கையில் எடுப்பார் என்பது உயிரியலைவிட அந்தக் கணக்கையே பொறுத்திருக்கிறது.